தொப்புள்கொடி ரத்தம்: வங்கியிலா, பிள்ளையின் உடம்பிலா?

என் தங்கைக்கு வளைகாப்பு முடிந்த மறுவாரம். ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வந்தவளையும் மாப்பிள்ளையையும், பிறக்கும் பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்தைக் கட்டணம் வாங்கிச் சேமித்துவைக்கும் ஒரு தனியார் ஸ்டெம் செல் வங்கியின் பிரதிநிதி பிடித்து உட்கார வைத்துவிட்டார். அன்று ராத்திரியே எனக்குப் போன்.

"அக்கா, கையெழுத்துப் போட்டுடட்டுமா? பத்து நாளைக்குள்ள போட்டா தள்ளுபடியாம். போடாம விட்டு, நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நாமதான் வருத்தப்படணும்னு சொல்றாங்க."

ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்கிற பேச்சா அது? எனக்கு வந்த கோபத்தில் அப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை. "எதுலயும் கையெழுத்துப் போடாதே, ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தருமபுரியில் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நெருக்கடியில் இருக்கிற வேறு யாருக்காவது உதவட்டும்.

நான் சேலத்தில் ஒரு ரத்த வங்கியில் பதினெட்டு வருடமாக லேப் டெக்னீஷியன். தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ள பிள்ளைகள் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ள வருவார்கள். அவர்களுடைய ரத்த வகை, வயது, எந்தக் கையில் நரம்பு கிடைக்கும் என்பது வரை எங்களுக்கு மனப்பாடம். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை நடந்து, அதன்பின் எங்களிடம் வரவேண்டிய தேவையே இல்லாமல் போன பிள்ளைகளும் உண்டு. ஆகவே இந்தச் சிகிச்சையின் அருமை எனக்குத் தெரியும். அதன் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தி விற்கும்போது அதனால்தான் அதிகம் வலிக்கிறது.

முதலில், 1988

தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் மிஞ்சும் ரத்தத்தில், எல்லா ரத்த அணுக்களையும் உண்டாக்கவல்ல மூல அணுக்கள் (ஸ்டெம் செல்கள்) இருக்கின்றன. எலும்பு மஜ்ஜையில் இருப்பவையும் இதே வகைதான். 1988 அக்டோபரில் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளூக்மன் என்ற மருத்துவர், ஃபான்கோனி ரத்தசோகை இருந்த ஐந்து வயது அமெரிக்கச் சிறுவனுக்கு இந்த ரத்தத்தைச் செலுத்தினார். உலகில் அதுதான் முதல்முறை. சிறுவன் பிழைத்து வளர்ந்து பெரியவனானான்.

இந்தக் கதையை வங்கிகளின் துண்டுப்பிரசுரங்களும் சொல்கின்றன. அவனுக்குள் போனது யாருடைய ரத்தம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வதில்லை. அது அவனுடையதல்ல, அப்போது பிறந்த அவன் தங்கையுடையது. அவனுடைய சொந்தத் தொப்புள்கொடி ரத்தம் சேமிப்பில் இருந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. அவன் நோய் பிறவியிலேயே மரபணுவில் வந்தது. அந்தக் குறை அந்த ரத்தத்திலும் இருந்திருக்கும்.

தலசீமியாவும் அப்படித்தான், சிக்கிள் செல் நோயும் அப்படித்தான். குழந்தைப் பருவ ரத்தப் புற்றுநோய் சிலவற்றில் முதல் மரபணு மாற்றம் கருவிலேயே நடந்துவிடுகிறது. பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுத்து அட்டையில் காயவைத்த ரத்தப் பொட்டிலேயே, பல ஆண்டுகள் கழித்து வரப்போகும் நோயின் தடத்தை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அதே நாளில் சேமித்த ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்க எந்த மருத்துவரும் யோசிப்பார்.

"அப்போ எண்பது நோய்க்கு மருந்துன்னு போட்டிருக்கே?" என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. தொப்புள்கொடி ரத்தத்தால் சிகிச்சை தரப்பட்ட நோய்களை எண்ணினால் எண்பது வருவது உண்மை. ஆனால் அந்தப் பட்டியலில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வேறொருவர் கொடுத்த ரத்தம்தான் பயன்பட்டது. தன் ரத்தத்தையே தனக்குத் திருப்பித் தரும் சிகிச்சை சில புற்றுநோய்களில் உண்டு. அங்கேயும் நோயாளியின் மூல அணுக்களைச் சிகிச்சை நேரத்திலேயே கையிலிருந்து ரத்தமாக எடுத்துக்கொள்ள முடிகிறது.

சேமித்த ரத்தப் பை அதே பிள்ளைக்கே தேவைப்படும் வாய்ப்பு எவ்வளவு? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2007இல் எடுத்துச்சொன்ன மதிப்பீடுகள் ஆயிரத்தில் ஒன்று என்பதில் தொடங்கி இரண்டு லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போகின்றன. மதிப்பீடுகள் இவ்வளவு அகலமாக விரிந்து கிடப்பதற்குக் காரணம், எண்ணுவதற்கு நேர்வுகளே மிகக் குறைவு என்பதுதான்.

பையில் எவ்வளவு இருக்கிறது?

வங்கிக்காரர்கள் கடைசியில் பேசுகிற விஷயத்தை நான் முதலில் பேச விரும்பினேன். ரத்த வங்கியில் வேலை பார்ப்பவளுக்கு அளவுதான் முதல் கேள்வி.

மாற்று சிகிச்சைக்கு நோயாளியின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 2.5 கோடி அணுக்களாவது பையில் இருக்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. பதினைந்து கிலோ குழந்தைக்கு 37.5 கோடி. அறுபது கிலோ இளைஞனுக்கு 150 கோடி. ஒரு பிரசவத்தில் கிடைக்கும் ரத்தமோ 50 முதல் 100 மில்லி. பல பைகளில் இருப்பது சின்னக் குழந்தைக்குத்தான் போதும், சிலவற்றில் அதற்கும் போதாது. 'எழுபத்தைந்து வயது வரை பாதுகாப்பு' என்று அச்சிட்ட திட்டத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். குறைந்த அணுக்களைப் பெருக்கித் தரும் முறைகள் இப்போது வந்திருக்கின்றன. ஒமிடுபிசெல் என்ற தயாரிப்புக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அவையும் தகுதியான பைகளைத் தேர்ந்தெடுத்துத்தான் தொடங்குகின்றன.

கொடையாக வாங்கி, தேவைப்படும் எவருக்கும் கொடுக்கும் பொது வங்கிகள் தங்களுக்கு வருவதில் பாதிக்கு மேல் கழித்துவிடுகின்றன. அணு எண்ணிக்கை குறைவு, கிருமி கலந்திருக்கிறது என்று காரணங்கள் இருக்கும். அவர்கள் அந்தப் பையை ஒரு நோயாளிக்கு அனுப்பியாக வேண்டும், தரம் இல்லாததை வைத்திருந்தால் செலவுதான் மிச்சம். தனியார் வங்கிக்கு வருமானம் சேமிப்புக் கட்டணத்திலிருந்து வருகிறது. பை உபயோகப்படுமா என்பதைவிட உறைகலத்தில் இருக்கிறதா என்பதே அதன் கணக்கு. 2024இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட புலனாய்வும், அமெரிக்கத் தனியார் வங்கிகளில் அளவு குறைந்த, கிருமி கலந்த பைகள் எவ்வளவு இருக்கின்றன என்பதைத்தான் காட்டியது.

உறைகலத்தைப் பற்றியும் ஒன்று. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் கலத்தில் வைக்கவேண்டிய பொருள் இது. 2023 நவம்பர் இறுதியில் சிங்கப்பூர் சுகாதார அமைச்சகம், தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கும் கார்ட்லைஃப் நிறுவனத்தின் 22 தொட்டிகளில் 7 தொட்டிகளில் வெப்பநிலை வரம்பு மீறியிருப்பதாக அறிவித்தது. முதற்கட்ட விசாரணையில், அவற்றில் ஒரே ஒரு தொட்டியிலிருந்த சுமார் 2,200 பைகள் கெட்டுவிட்டதாகத் தெரிந்தது. கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன ஊரிலேயே இது நடந்தது. வீட்டில் இருக்கும் பெற்றோருக்கு இதைக் கண்டுபிடிக்க எந்த வழியும் இருந்திருக்காது.

பேச்சு இந்த இடத்துக்கு வந்தபோது எங்கள் அம்மா குறுக்கிட்டார். "நம்ம பாட்டி காலத்துல விழுந்த கொடியை வெள்ளித் தாயத்துல போட்டு இடுப்புல கட்டுவாங்க. அதுவும் இதுக்குத்தானாமே? வாட்ஸ்அப்ல வந்துச்சு." அந்தச் செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காய்ந்து விழுந்த கொடித் துண்டில் உயிருள்ள அணு ஒன்றுகூட இருக்காது. தாயத்தில் இருப்பது பிள்ளை பிறந்த நினைவு. அந்த நினைவுக்காக அம்மா என்னுடையதையும் தங்கையுடையதையும் இன்றும் பீரோவில் வைத்திருக்கிறார், அது அங்கேயே இருக்கட்டும். அதை மருந்து என்று நம்பிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கூட்டு வங்கியும் பொது வங்கியும்

தங்கைக்குக் காட்டிய திட்டம் பழைய மாதிரி தனிப்பெட்டி அல்ல. 'கம்யூனிட்டி பேங்கிங்' என்கிறார்கள். சென்னையின் லைஃப்செல் 2017இல் இந்த முறையைத் தொடங்கியது. உறுப்பினர்கள் எல்லோரும் பைகளைப் பொதுவில் போடுகிறார்கள், எவருக்குத் தேவையோ அவர் தன் திசு வகைக்குப் பொருந்தும் பையை எடுத்துக்கொள்ளலாம். யோசனை என்ற அளவில் இது தனிச் சேமிப்பைவிட மேல். பிறருடைய ரத்தம்தான் பெரும்பாலும் தேவைப்படும் என்ற உண்மையையாவது இது ஒத்துக்கொள்கிறது. தொப்புள்கொடி ரத்தத்துக்கு மஜ்ஜை அளவுக்குத் துல்லியப் பொருத்தமும் தேவையில்லை. திசுப் பொருத்தம் பார்க்கும் ஆறு குறியீடுகளில் நான்கு பொருந்தினாலே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆனால் பணம் கட்டியவருக்கு மட்டுமே கதவு திறக்கும் கிணறு இது. ஊர்க்கிணறு இல்லை. ஆயிரக்கணக்கான பைகளில் சிகிச்சைக்கேற்ற அணு எண்ணிக்கை எத்தனையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அதன் மதிப்பைச் சொல்ல முடியும். தங்கையிடம் வந்த பிரதிநிதியிடம் மாப்பிள்ளை அதைக் கேட்டபோது, மொத்தப் பைகளின் எண்ணிக்கையைத்தான் பதிலாகச் சொன்னார்.

மனசுக்குப் பிடித்த வழி என்றால் எனக்குப் பொது வங்கிதான். 1992இல் பாப்லோ ரூபின்ஸ்டைன் நியூயார்க் ரத்த மையத்தில் தொடங்கிய முதல் பொது வங்கி, ரத்த தானத்தின் அதே தர்மத்தில் நின்றது. கொடுப்பவர் காசு கட்டுவதில்லை, யாருக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. ரத்தப் புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்த நியூயார்க் பெண் ஒருவருக்கு 2017இல், எச்.ஐ.வி.யை உள்ளே விடாத அரிய மரபணு மாற்றம் கொண்ட, உறவே இல்லாத ஒரு பச்சிளங்குழந்தையின் தொப்புள்கொடி ரத்தமும், ஓர் உறவினரின் மூல அணுக்களும் செலுத்தப்பட்டன. இரண்டு நோயிலிருந்தும் அவர் மீண்டிருப்பதை 2022இல் உலகுக்குச் சொன்னார்கள். ஆய்வுக்கும் இந்தக் கொடைதான் தீனி. சிகிச்சைக்குப் போதாத பை ஆய்வுக்கூடத்துக்குப் போகலாம், பெற்றோர் ஒப்புதல் கொடுத்தால்.

நம் ஊரில் இதற்கு வழி குறுகல். சென்னையில் ஜீவன் அமைப்பு பொது வங்கி ஒன்றை முயன்றது. ஒவ்வொரு பைக்கும் சேகரிப்பு, பரிசோதனை, உறைநிலைச் சேமிப்பு என்று ஆகும் செலவைக் கொடையாளரிடம் வாங்காமல் யாராவது தாங்கவேண்டும். அரசு தாங்கினாலொழிய இது நிற்காது. தருமபுரியில் ஒரு பிரசவ அறையிலிருந்து பொது வங்கிக்குக் கொடுக்க, தங்கைக்கு எந்த வழியும் கிடைக்கவில்லை.

கொடியை வெட்டாமல் விட்டால்

என் தராசு முழுதாகச் சாய்வது இங்கேதான்.

வங்கிக்குப் போகும் ரத்தத்தை 'வீணாகப் போகும் மருத்துவக் கழிவு' என்று விளக்கத்தில் எழுதியிருந்தார்கள். பிள்ளை வெளியே வந்தபிறகும் கொடி துடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தம் பிள்ளைக்குள் போய்க்கொண்டேயிருக்கிறது. முதல் ஒரு நிமிடத்தில் 80 மில்லி வரை, மூன்று நிமிடத்தில் 100 மில்லி வரை போகும். மூன்று கிலோ பிள்ளையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே கால் லிட்டர்தான். அதில் 80 மில்லி என்பது மூன்றில் ஒரு பங்கு. அதைக் கழிவு என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

அந்த ரத்தத்தோடு போகும் இரும்புச்சத்து பிள்ளையின் முதல் ஆறு மாதத்துக்கான கையிருப்பைக் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நிமிடத்துக்கு முன் கொடியில் கிளாம்ப் போடவேண்டாம் என்கிறது. இந்தியாவின் 'அனீமியா முக்த் பாரத்' என்ற ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்திலும் தாமதமாக வெட்டுவது ஓர் அங்கம். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57.4. ஒரு பக்கம் ஆயிரத்தில் ஒன்றாகவோ லட்சத்தில் ஒன்றாகவோ வரலாம் என்ற தேவை. மறுபக்கம் நம் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு மேல் இருக்கிற குறை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அந்த 80 மில்லி எங்கே போகவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மூன்று நிமிடம் காத்திருந்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சில வங்கிகள் சொல்கின்றன. எடுக்கலாம், ஆனால் மிஞ்சுவது கொஞ்சம். அணு எண்ணிக்கை முன்னே சொன்ன கணக்குக்கு எட்டுவது கடினம். பை நிறையவேண்டுமென்றால் சீக்கிரம் வெட்டவேண்டும். பிள்ளை நிறையவேண்டுமென்றால் பொறுக்கவேண்டும். இந்த முரணை நமக்கு எடுத்துச்சொல்வது விற்பவரின் கடமை, அவர்கள் சொல்வதில்லை.

தாமதமாக வெட்டினால் மஞ்சள்காமாலைக்கு விளக்கடியில் வைக்கவேண்டிய பிள்ளைகள் சற்றுக் கூடலாம். அதைக் கவனித்துச் சரிசெய்யும் வசதி மருத்துவமனையில் இருக்கவேண்டும். பிறந்ததும் மூச்சுத் திணறும் பிள்ளைக்கு உடனே சிகிச்சை தேவை என்றால், எப்போது வெட்டுவது என்பது மருத்துவரின் முடிவு.

சேமித்தே ஆகவேண்டியவர்கள்

மூத்த பிள்ளைக்குத் தலசீமியா போன்ற நோய் இருந்து, அம்மா மறுபடி கர்ப்பமாக இருக்கிறாள் என்றால் நான் மேலே சொன்னதெல்லாம் மாறிவிடும். அப்போது சேமியுங்கள். தயங்காதீர்கள். உடன்பிறந்தவர்கள் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பொருந்தி, புதிய பிள்ளைக்கு அந்த நோய் இல்லையென்றால், அந்தப் பை தங்கத்தைவிட மேல். 2013இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், பொருந்திய உடன்பிறப்பின் தொப்புள்கொடி ரத்தம் பெற்ற தலசீமியா நோயாளிகளில் 80 சதவீதம் பேர் ஆறு ஆண்டுக்குப் பின்னும் நோயின்றி இருந்தார்கள். மஜ்ஜை பெற்றவர்களில் 86 சதவீதம். பையில் அணுக்கள் போதாவிட்டால் அதே பிள்ளையிடமிருந்து பின்னாளில் மஜ்ஜையும் எடுத்துச் சேர்க்கலாம். தனியார் சேமிப்பை ஊக்குவிக்காத ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதலும், 2018இல் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் வெளியிட்ட அறிக்கையும் இந்த ஒரு நிலையை ஏற்கின்றன. இந்த முடிவை ரத்தநோய் மருத்துவரோடு பேசி எடுக்கவேண்டும், ஸ்கேன் சென்டர் வாசலில் அல்ல.

எங்கள் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம், நீலகிரிப் பக்கம் தலசீமியா, சிக்கிள் செல் போன்ற ஹீமோகுளோபின் நோய்கள் கூடுதல். ஆகவே தங்கை மூன்றாம் மாதத்திலேயே, இந்த நோய்களின் தடத்தை ரத்தத்தில் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனை செய்திருந்தாள். நான் விடாமல் நச்சரித்ததால்தான். பெற்றோர் இருவரும் நோய் வெளியே தெரியாமல் தலசீமியா மரபணுவைத் தாங்கியவர்களாக இருந்தால்தான் பிள்ளைக்கு நான்கில் ஒரு வாய்ப்பில் முழு நோய் வரும். இருவருக்கும் பரிசோதிக்க ஆகும் செலவு, முன்பணமும் ஆண்டுத் தவணையுமாக வங்கி கேட்கும் தொகையின் பக்கத்தில்கூட வராது.

"அப்படியே நாளைக்குப் பிள்ளைக்கு மாற்று சிகிச்சை வேணும்னு வந்துட்டா?" தங்கையின் பயம் அங்கேதான் நின்றது. அதற்கும் இன்று வழிகள் இருக்கின்றன. உடன்பிறப்பு பொருந்தலாம். அத்தை மகனை, மாமன் மகளைக் கட்டும் குடும்பங்களில் உறவு வட்டத்துக்குள்ளேயே பொருந்துகிறவர் கிடைப்பதும் உண்டு. (அதே வழக்கம்தான் இந்த நோய்களையும் குடும்பத்துக்குள் கூட்டுகிறது.) யாரும் பொருந்தாவிட்டால், மூல அணு கொடுக்க முன்வந்தவர்களின் பதிவேட்டில் தேடலாம். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி இந்தியாவின் பெரிய பதிவேடுகளில் ஒன்று. அதுவும் இல்லையென்றால் அப்பாவோ அம்மாவோ கொடுக்கலாம். பெற்றோர் எப்போதும் பாதி பொருந்துவார்கள், பாதிப் பொருத்தத்தோடு செய்யும் முறை கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் நன்றாகத் தேறிவிட்டது. அமெரிக்காவில் 368 ரத்தப் புற்றுநோயாளிகளிடம் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2021இல் வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில், பாதிப் பொருந்திய உறவினரின் மஜ்ஜை பெற்றவர்களில் 57 சதவீதமும், தொப்புள்கொடி ரத்தம் பெற்றவர்களில் 46 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். உலகெங்கும் தொப்புள்கொடி ரத்த மாற்று குறைந்து வருவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

ஆட்டிசம், மூளைவாதம் என்று சொல்லியும் விற்கிறார்கள். டியூக் பல்கலைக்கழகம் 180 ஆட்டிசக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2020இல் வந்தது. எதிர்பார்த்த முதன்மைப் பலன் கிடைக்கவில்லை. மூளைவாதத்தில் ஆய்வு இன்னும் நடக்கிறது. 'கொடித் திசுவும் சேர்த்து' என்று கூடுதல் பணம் கேட்டால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல் தொப்புள்கொடி ரத்தம் தவிர வேறெந்தத் திசுவையும் வணிக ரீதியாகச் சேமிக்க அனுமதிக்கவில்லை.

இவ்வளவும் கேட்டபிறகும், மன நிம்மதிக்காகச் சேமிக்கிறேன் என்பவர்கள் இருப்பார்கள். கையில் பணம் இருந்து, கடன் வாங்காமல் செய்வதென்றால் அது அவர்கள் விருப்பம். கையெழுத்துப் போடுமுன் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: எடுத்தபின் அணு எண்ணிக்கையையும் கிருமிப் பரிசோதனை முடிவையும் அறிக்கையாகத் தருவீர்களா, அளவு குறைந்தால் பணம் திரும்புமா, நிறுவனம் மூடினால் பை யாரிடம் போகும்?

தங்கை கையெழுத்துப் போடவில்லை. கர்ப்பகால அட்டையின் பின்பக்கத்தில் மருத்துவரிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டாள்: 'பிள்ளை நன்றாக அழுதால், கொடித் துடிப்பு நிற்கும்வரை கிளாம்ப் வேண்டாம்.' மாப்பிள்ளை கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்துப் பதிவேட்டில் சேர்ந்தார், பதினெட்டிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருப்பவர்கள் சேரலாம். பிரசவத்தன்று நான் அறைக்கு வெளியே நின்றிருந்தேன். பிள்ளையின் அழுகை கேட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். நர்ஸம்மா மூன்று நிமிடம் பொறுத்துத்தான் கொடியை வெட்டினார் என்று தங்கை பிறகு சொன்னாள்.